கருப்பர் பீடத்துக்கு ஒரு சாண் கீழே

என் இடது புருவத்தில் இருக்கும் தழும்பைப் பற்றி யாராவது கேட்டால், சாரத்திலிருந்து விழுந்தேன் என்று சொல்லிவிடுவேன். தரைக்குக் கல் பதிக்கிறவன் சாரத்தில் எதற்கு ஏறினான் என்று இதுவரை ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை. அது செம்புராங்கல் பட்ட தழும்பு. என்னோடு ஒத்த வயதுக்காரர்களுக்கு அந்தக் கல்லெறி மறந்திருக்காது. உங்கள் உடம்பிலும் எங்காவது ஒன்று இருக்கும். சட்டையைக் கழற்றிப் பாருங்கள்.

மழை பொய்த்து மூன்றாவது வருஷம் அது. அறுபதுகளின் கடைசி. நான் அப்போதுதான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். ஆறாம் வகுப்புப் படிக்க, பக்கத்திலிருக்கும் மேல ஊருக்குத்தான் போக வேண்டும். மேல ஊர்க் கண்மாய் நிறைந்து கலுங்கில் வழிந்தால்தான் எங்கள் கீழ ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர். கலுங்கு என்பது கரையின் ஓரத்தில் கல்லால் கட்டிய குட்டையான சுவர். கண்மாய் நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் அதன் தலையைத் தாண்டி விழும். உங்களுக்குத் தெரியும், உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதால் எழுதுகிறேன்.

மூன்று வருஷமாக அது வழியவில்லை. மழை இல்லை, அதனால் வழியவில்லை என்று மேல ஊரில் சொன்னார்கள். கலுங்குக்குச் சிமெண்டு பூசுகிறோம் என்று உயர்த்திக் கட்டிவிட்டார்கள், அதனால் வழியவில்லை என்று எங்கள் ஊரில் சொன்னார்கள். இரண்டும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள். கல்யாணப் பந்தியில் இதைப் பேசி, பாதிச் சோற்றில் எழுந்து போனவர்கள் உண்டு. பையன்களாகிய நாங்கள் காய்ந்த கண்மாய்க்குள் இரண்டு கட்சியாக நின்று கல்லெறிந்துகொண்டோம்.

என் புருவம் கிழிந்த அன்று ரத்தம் வழிய வீட்டுக்குப் போனேன். என் அய்யாவுக்கு அடிப்பதில் ஒரு முறை உண்டு. முதலில் ஒரு கேள்வி கேட்பார். பதில் வரும்வரை காத்திருப்பார். பதில் வந்ததும் அடிப்பார். பதில் எதுவாக இருந்தாலும் அடிதான்.

“யாரு எறிஞ்சது?”

“மேல ஊரு மடைக்கார மாமா மகன்.”

மாட்டுக்கயிற்றால் நாலு விழுந்தது. பிறகுதான் ஆத்தா மஞ்சளை அப்பினாள்.

அடுத்த வாரம் நாங்கள் எறிந்துகொண்டிருந்தபோது, கரைமேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவர் முதுகில் ஒரு கல் போய் விழுந்தது. வெள்ளைச் சட்டை, காக்கி அரைக்கால் சட்டை, சைக்கிளின் பின்னால் கயிறு கட்டிய மரப்பெட்டி. காரைக்குடிப் பக்கம் கல்லூரியில் மண்ணையும் பாறையையும் பற்றிப் பாடம் நடத்துகிற சார் அவர் என்று பிறகு தெரிந்தது. ஓடத் தயாராக நின்றோம். அவர் முதுகைத் தடவிக்கொள்ளவில்லை. குனிந்து கல்லை எடுத்து, எச்சில் தொட்டுத் துடைத்து, சட்டைப்பையிலிருந்த சின்னக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் பார்த்தார்.

“இது எங்க கெடந்த கல்லு?”

“அவிங்க எறிஞ்சது சார்” என்றான் எங்கள் பக்கத்தில் ஒருவன்.

“எறிஞ்சது யாருன்னு கேக்கலைடா. எங்க கெடந்துச்சுன்னு கேக்குறேன்.”

மேல ஊர்க் கூட்டத்திலிருந்து மடைக்காரர் மகன் முன்னால் வந்தான். “அந்தா, ஓடை அறுத்த பள்ளத்துல கெடந்துச்சு சார். நாந்தான் எறிஞ்சேன். ஒங்கள எறியல, இந்தா இவனத்தான் எறிஞ்சேன்” என்று என்னைக் காட்டினான்.

சார் அவன் கன்னத்தில் ஒன்று விட்டார். அப்புறம் என் கன்னத்திலும் ஒன்று விட்டார். எனக்கு எதற்கு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவன்தான் கேட்டான்.

“அவன் என்ன சார் பண்ணுனான்?”

“குனிஞ்சான்ல. அவன் குனியாம நின்னுருந்தா என் முதுகுல விழுந்துருக்குமா?”

இரண்டு கட்சியும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

அந்தச் சித்திரையில் பத்து நாள் முகாம் என்று சார் இரண்டு ஊர் அம்பலக்காரர்களிடமும் போய்ப் பேசினார். ஊருக்குப் பத்துப் பையன்கள். கலுங்குப் பக்கம் புளியந்தோப்பில் கீற்றுக் கொட்டகை. காலையில் புத்தகத்தில் உள்ளதைச் சார் சொல்லுவார். மத்தியானத்துக்கு மேல் மண்ணில் உழைக்கிறவர் ஒருவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும். “ரெண்டும் ஒரே மண்ணப் பத்தித்தான். பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்போம்” என்றார் சார். அந்த வேலைக்கு, மேல ஊர்க் கண்மாயின் மடையைத் திறந்து மூடுகிற மடைக்காரர் வந்தார்.

மடைக்காரரைச் சாமியார் மாதிரி நினைத்துவிட வேண்டாம். குட்டையான ஆள், அகலமான நெஞ்சு. தண்ணீருக்குள் முங்கி மடைக்கல்லைத் தூக்கித் தூக்கி முடி செம்பட்டையாகிப் போயிருந்தது. வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. மத்தியானத்தில் கள் வாடை அடிக்கும். அவருக்குப் பாடம் நடத்தத் தெரியாது. மண்ணை எடுத்து நக்கிவிட்டுத் துப்புவார். “உப்பு. இதுல கெணறு வெட்டுறவன் வெளங்க மாட்டான்” என்பார். எங்களையும் நக்கச் சொல்லுவார். முகம் சுளித்தவன் தலையில் குட்டு விழும்.

சார் எங்களை விட்டு ஒரு குழி வெட்டவைத்தார். வெட்டத் தொடங்கும் முன் மடைக்காரர் அந்த இடத்தில் நின்று குதிகாலால் இரண்டு மிதி மிதித்தார்.

“நாலு மொழத்துல ஓடக்கல்லு வரும்.”

“எப்புடிச் சொல்றீங்க?” என்றார் சார், நோட்டைத் திறந்துகொண்டு.

“எப்புடின்னா? மிதிச்சேன்ல. பாத்துக்கிட்டுத்தான நின்னீக.”

நாலு முழத்தில் வெள்ளை வெள்ளையாக ஓடைக்கல் வந்தது. சார் ஒரு குப்பியிலிருந்து அதன்மேல் ஒரு சொட்டு விட்டார். சுர்ரென்று நுரைத்தது. அது சுண்ணாம்பு என்பதற்கு அடையாளம், குப்பியில் இருப்பது திராவகம், தொட்டால் தோல் போய்விடும் என்றார். எங்கள் இருபது பேர் கண்ணும் அந்தக் குப்பியின் மேலேயே இருந்தது.

மூன்றாம் நாள் மடைக்காரர் மகனும் நானும் அதைத் திருடினோம். அவன் கேட்டான், நான் தலையாட்டினேன். புளியமரத்தில் ஒரு ஓணானைச் சுருக்குப் போட்டுப் பிடித்தான். நான் ஊற்றினேன். அது வாயைத் திறந்தபடி சுற்றிச் சுற்றி வந்தது. முதுகு வெளுத்து நுரை தள்ளியது. முதலில் சிரித்தோம். அது நிற்கவில்லை. அப்புறம் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

சார் வந்து இருவர் கையையும் நீட்டச் சொல்லி, பிரம்பு முறியும்வரை அடித்தார். மடைக்காரர் போய்க் குதிகாலால் ஓணானின் தலையை நசுக்கினார்.

“கொல்றதுன்னா ஒரே அடில கொன்றணும். பாதியில விட்டுப்புட்டு வேடிக்கை பாக்கக் கூடாது” என்றார் மகனிடம்.

அன்று ராத்திரிச் சோற்றை எங்கள் இருவராலும் உருட்ட முடியவில்லை. கை அப்படி வீங்கியிருந்தது. அவன் கொட்டாங்கச்சி அகப்பையை எடுத்து வந்து, தனக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய் என்று போட்டான். ரசத்துச் சோறு. அகப்பையில் மொச்சை வாடை.

“நீ பேசவே மாட்டியாடா மாப்ள?”

“பேசுவேன்.”

“எப்ப?”

அவன் சிரித்துவிட்டு என் புருவத்தைத் தொட்டுப் பார்த்தான். “நல்லா விழுந்துருக்குல்ல” என்றான், தான் நட்ட கன்றைப் பார்க்கிறவன் போல.

எங்கள் கண்மாயின் சங்கதியைச் சொல்ல வேண்டும். மேல ஊர்க் கண்மாய்க்குள், கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஆள் உயரக் குத்துக்கல் ஒன்று நிற்கிறது. அதுதான் கருப்பர். கல்லின் காலடியில் ஒரு சாண் உயரத்துக்குப் பீடம். அந்தப் பீடத்தின் தலையும் கலுங்கின் தலையும் ஒரே மட்டம் என்பது இரண்டு ஊரும் முன்காலத்தில் செய்துகொண்ட ஒப்பந்தம். கண்மாய் நிறைந்து தண்ணீர் பீடத்துக்கு மேல் ஏறிக் கருப்பர் காலைத் தொடுகிற அதே நேரம், அங்கே கலுங்கு வழிய ஆரம்பிக்க வேண்டும். தொட்டும் வழியாவிட்டால் மேல ஊர்க்காரன் திருடன். சண்டை தீர்க்க வேறு சாட்சி வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சாட்சி சொல்லத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் வந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது.

ஏழாம் நாள் எங்கள் ஊர் அம்பலக்காரர் முகாமைப் பார்க்க வந்தார். கூட என் அய்யாவும் நாலைந்து பேரும். சார் மரப்பெட்டியைத் திறந்து, மூன்று காலில் நிற்கிற குழாய்க் கண்ணாடியைக் காட்டினார். கோடு போட்ட நெடுங்கட்டையை ஒருவன் தூரத்தில் நிறுத்துவான், கண்ணாடிக்குள் எண் தெரியும், இரண்டு இடத்து எண்ணையும் கழித்தால் எது மேடு எது பள்ளம் என்று விரற்கடை பிசகாமல் சொல்லலாம் என்றார்.

அம்பலக்காரர் கண்ணாடியில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “அப்ப இது கலுங்கையும் கருப்பரையும் பாத்துச் சொல்லுமா?”

“அரை நாள்ல சொல்லும்.”

மடைக்காரர் பல் குத்திக்கொண்டிருந்தார். “மழை வரட்டும் சார். தண்ணி சொல்லும்.”

“தண்ணி வர்ற வரைக்கும் எதுக்குக் காத்துக்கெடக்கணும்? சிமெண்டு பூசுனது தப்பில்லைன்னா நாளைக்கே தெரிஞ்சுபோகும். ஒங்க ஊருக்குத்தான நல்லது” என்றார் சார்.

அவர் நல்லதைத்தான் நினைத்தார். ஒரு எண் கிடைத்துவிட்டால் மனிதர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று நினைத்தார். அந்த வயதில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

எட்டாம் நாள் அளந்தோம். கட்டை பிடிக்கிற வேலை எனக்கு. பேசாமல் அசையாமல் நிற்பவன் நான்தான் என்று சார் சொன்னார். என்னை ஒருவர் அப்படிப் புகழ்ந்தது அதுதான் முதலும் கடைசியும். மடைக்காரர் மகனுக்குச் சிவப்புத் துணி கட்டிய கம்பு. சார் குரல் எட்டாத தூரத்தில் நடுவில் நின்று சேதி சொல்ல வேண்டும். முதலில் கலுங்கின் தலையில் கட்டையை நிறுத்தினேன். சார் எழுதிக்கொண்டார். கருப்பர் தூரம் என்பதால், கண்ணாடியை நகர்த்தும் முன் நடுவில் ஒரு இடத்திலும் நிறுத்தச் சொன்னார். அந்த இடம் கரைச் சரிவு. காலையில் இரண்டு ஊர் ஆம்பிளைகளும் ஒதுங்குகிற இடம். பார்த்துத்தான் வைத்தேன். ஆனாலும் தூக்கும்போது கட்டையின் அடிப்பூணில் அப்பியிருந்தது.

மணலில் தேய்த்தேன். ஆவாரந்தழையால் துடைத்தேன். வாடை போகவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு கருப்பர் முன்னால் போய் நின்றேன்.

பீடத்தைப் பூசை வைக்கிற வேளார் மட்டும்தான் தொடுவார், அதுவும் குளித்துவிட்டு, ஈரத்துண்டோடு. அதன் மேல் மஞ்சளும் காய்ந்த பூவும் கிடந்தன. கிடாய் வெட்டும்போது ஒரு துளி ரத்தம் பீடத்தில் தெறித்ததற்காக, வெட்டியவர் வருஷம் முழுக்க விரதம் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். நான் கையில் பீ ஒட்டிய கட்டையோடு நிற்கிறேன். தூரத்தில் சார் கையை மேலே மேலே என்று ஆட்டினார்.

“பீடத்து மேல வைக்கச் சொல்றாருடா” என்று அவன் கத்தினான்.

நான் தலையை ஆட்டினேன். கட்டையைப் பீடத்தை ஒட்டித் தரையில் நிறுத்தினேன்.

“மேல வைடா.”

“பீ இருக்குடா” என்றேன்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கம்பை ஊன்றிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான். அவன் சிரித்து முடிப்பதற்குள், கட்டையின் அடி தெரியாத தூரத்திலிருந்த சார் எண்ணைப் பார்த்துவிட்டு, போதும் வா என்று கையை வீசினார். போய் அவரிடம் சொல்ல வேண்டும் என்று நடந்து வரும்போதெல்லாம் நினைத்தேன். கிட்டே போனபோது குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அவர் நிமிரட்டும் என்று நின்றேன். நிமிர்ந்தவர் என்னைப் பார்க்கவில்லை. எங்களைச் சுற்றிக் கூடியிருந்த இரண்டு ஊர்க்காரர்களையும் பார்த்தார்.

“ஒம்பது அங்குலம். கலுங்கு ஒம்பது அங்குலம் ஒசந்து நிக்கிது” என்றார். குரல் மெதுவாகத்தான் இருந்தது. அவர் அதை எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஒன்பது அங்குலம் என்றால் ஒரு சாண்.

எங்கள் ஆட்கள் வாயில் வந்ததெல்லாம் பேசினார்கள். மடைக்காரர் சாரைப் பார்க்கவில்லை, என் அய்யாவைப் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

“கட்டைய எங்கடா வச்சே?”

எனக்குப் பின்னால் அய்யா நின்றார். அவர் கை என் தோளில் இருந்தது. அடிக்கிற கை. அதற்கு முன் அது சும்மா என் மேல் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

“பீடத்து மேல” என்றேன்.

“பொய் சொல்றான்” என்றான் அவர் மகன். “தரையில வச்சான். நான் பாத்தேன். கட்டையில பீ இருந்துச்சு, அதான் கீழ வச்சான்.”

எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். “அப்பனுக்கு வக்கீலு மகன்தான்” என்றார் அம்பலக்காரர். “எங்க பய வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா அது நெசமாத்தான் இருக்கும். ஊருக்கே தெரியும்.”

சார் என் முகத்தையே பார்த்தார். பிறகு, “நாளைக்கு வெள்ளன இன்னொரு தடவை வச்சுப் பாத்துருவோம். நானே கட்டைகிட்ட வந்து நிக்கிறேன்” என்றார். மடைக்காரர் சரி என்றார். அய்யா என் தோளிலிருந்து கையை எடுத்தார்.

மறுநாள் கடப்பாரைச் சத்தத்தில்தான் முழித்தோம். கிழக்கு அப்போதுதான் வெளுத்திருந்தது. கொட்டகையிலிருந்து கலுங்கு கூப்பிடு தூரம். எங்கள் ஊர் ஆட்கள் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். கலுங்கின் மேல் மடைக்காரர் ஒரே ஆளாக நின்றார். இடுப்பில் துண்டு மட்டும்.

“மச்சான், ரெண்டு நாழி பொறுங்க. சார் திரும்ப வச்சுப் பாக்குறேன்னுருக்காரு” என்றார் என் அய்யாவிடம்.

“மூணு வருசம் பொறுத்தாச்சு மச்சான். எறங்குங்க.”

“ஒங்க மகன் சொன்னத வச்சா இடிக்க வந்தீக?”

“ஒங்க மகன் சொன்னத வச்சு திரும்பிப் போகச் சொல்றீகளா?”

“ஒங்க மகன் வாயே தொறக்காத பய. நேத்துத் தொறந்துட்டானே, அதான் மச்சான் எனக்குச் சந்தேகமா இருக்கு.”

ஒருவர் கடப்பாரையைக் கல்லிடுக்கில் விட்டார். மடைக்காரர் அதைப் பிடித்து இழுத்தார். கடப்பாரைக்காரர் சரிந்து பள்ளத்தில் விழுந்தார். அய்யா மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து வீசினார். மண்வெட்டியின் பின்பக்கம் மடைக்காரர் காதுக்கு மேலே விழுந்தது. காய்ந்த சுரைக்குடுக்கையை மிதித்தால் வருமே, அந்தச் சத்தம். அவர் உடனே விழவில்லை. களைத்துப் போனவர் போலக் கலுங்கின் மேல் உட்கார்ந்தார். காதிலிருந்து கழுத்துக்கு ரத்தம் இறங்கியது. எதையோ சொல்ல வாயை அசைத்தார். அப்புறம் பக்கவாட்டில் சாய்ந்தார்.

அவர் மகன் ஓடிப்போய் என் அய்யாவின் தொடையைக் கடித்தான். அய்யா காலை உதறினார். அவன் கல்லில் போய் மோதி, எழுந்து, மறுபடி கடித்தான்.

மேல ஊரிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அரிவாள், வேல்கம்பு, கையில் கிடைத்த கல். சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் ஓடினார். “இருங்கய்யா, இன்னொரு தடவை பாப்போம்” என்று கத்திக்கொண்டே இருந்தார். அவர் கண்ணாடி நின்ற மூன்று கால்களையும் ஆளுக்கு ஒன்றாகப் பிய்த்துக்கொண்டு, அதனாலேயே அடித்துக்கொண்டார்கள். ஒருவருக்கு மணிக்கட்டு தொங்கியது. ஒருவர் தன் பற்களை மண்ணில் தேடிக்கொண்டிருந்தார். நான் பிடித்த நெடுங்கட்டை யாரோ ஒருவர் முதுகில் இரண்டாக முறிந்தது. சாருக்கும் விழுந்தது. எந்த ஊர்க்காரர் அடித்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

நான் மறக்காத ஒன்று உண்டு. அத்தனைக்கும் நடுவில் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் கலுங்கின் தலையில் கயிறு பிடித்து, ஒரு சாண் அளந்து, கயிற்றுக்கு மேலே இருந்ததை மட்டும் ஒழுங்காக உடைத்துக்கொண்டிருந்தார்கள். அதிகமாக ஒரு கல்லைக்கூட எடுக்கவில்லை. எங்களுக்கு உரியதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்று அவர்கள் நம்பினார்கள்.

மடைக்காரர் கால் வழுக்கிக் கலுங்கிலிருந்து விழுந்தார் என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள். இரண்டு ஊரும் அதையே சொன்னது. இரண்டு ஊரிலும் உள்ளே போக வேண்டியவர்கள் இருந்தார்கள். மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து ஒன்றரை மாதம் கழித்து அவர் வந்தார். பேச்சு போய்விட்டது, வலது கை இழுத்துக்கொண்டது. சார் அன்றே வெறும் பெட்டியோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர், பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் யாரும் மேல ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. என் படிப்பு ஐந்தோடு நின்றது.

போன மாதம் டீக்கடையில் நம் வயதுக்காரர் ஒருவர், அந்தச் சார் கொண்டுவந்த மிஷின்தான் கோளாறு, அதுதான் இரண்டு ஊரையும் கெடுத்தது என்றார். எல்லோரும் தலையாட்டினீர்கள். நானும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். மிஷினில் கோளாறு இல்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஆறு நாள் விடவில்லை. ஏழாம் நாள் காலையில் இரண்டு ஊரும் மேல ஊர்க் கரையில் தனித்தனியாக நின்றது. கையில் எல்லோருக்கும் ஏதாவது இருந்தது. அய்யாவிடம் அதே மண்வெட்டி. செந்தண்ணீர் நுரையும் சருகுமாகக் கருப்பரை நோக்கி ஏறியது. நான் கட்டை வைத்த இடம் எனக்குத் தெரியும். பக்கத்தில் ஒரு எருக்கஞ்செடி. தண்ணீர் எருக்கின் தூரை நனைத்தது. நான் கட்டை வைத்த தரையை நனைத்தது. பீடத்தின் அடிக்கல்லைத் தொட்டது. அங்கேயே நின்றது.

அந்தப் பக்கம் கலுங்கு வழிகிற சத்தம் கேட்டது. எங்கள் ஆட்கள் முதலில் துண்டை வீசிக் கூவினார்கள். பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கலுங்கின் நீளம் முழுக்கத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பீடம் முழுசாகத் தண்ணீருக்கு வெளியே தெரிந்தது. சார் சொன்ன கணக்கு சரியாக இருந்திருந்தால், அந்நேரம் தண்ணீர் கருப்பர் காலில் இருக்க வேண்டும்.

மடைக்காரர் தன் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு கரையிலிருந்து இறங்கினார். தண்ணீருக்குள் நடந்தார். பீடத்தின் முன்னால் குனிந்து, இடது கையின் சுண்டுவிரலைத் தண்ணீரில் வைத்தார். பெருவிரலைப் பீடத்தின் தலைவரை நீட்டினார். சரியாக இருந்தது. விரித்த கையை அப்படியே தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பி நின்றார். வாய் அசைந்தது. அவர் மகன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“தண்ணி வந்துருச்சுல்ல. வாங்க போவோம்” என்றார் எங்கள் அம்பலக்காரர்.

அந்த வருஷம் எங்கள் வயல் எல்லாம் விளைந்தது. அந்தச் சோற்றை நானும் தின்றேன். மடைக்காரர் மகனைப் பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தேன், குன்றக்குடியில், பங்குனி உத்திரக் கூட்டத்தில். இருவருக்கும் மீசை முளைத்திருந்தது. என் புருவத்தை வைத்து அடையாளம் கண்டுகொண்டான். “நான் பாத்தேன்டா” என்றான். அவ்வளவுதான். கூட்டம் அவனைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. சாருடைய கண்ணாடிக்கு அடியில் தொங்குகிற பித்தளைக் குண்டு ஒன்று அன்று சண்டையில் என் காலடியில் கிடந்தது. எடுத்து வைத்திருக்கிறேன். நாற்பது வருஷமாக மட்டம் பார்த்துக் கல் பதிக்கிறேன். அதை ஒரு வேலைக்கும் எடுத்ததில்லை.

கரையிலிருந்து வீடு திரும்பும்போது அய்யா எனக்கு முன்னால் நடந்தார். மற்றவர்கள் வேறு வழியில் போயிருந்தார்கள். கலுங்குத் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலைத் தாண்டியதும் நின்றார். திரும்பாமலே கேட்டார்.

“கட்டைய எங்க வச்சே?”

“தரையில” என்றேன்.

காத்திருந்தேன். முதுகைக் குறுக்கி, கண்ணை மூடிக்கொண்டு, எப்போதும் நிற்பது போல நின்றேன். வாய்க்கால் சத்தம் மட்டும் கேட்டது. கண்ணைத் திறந்தபோது அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை தொங்கிக் கிடந்தது. அன்றைக்கும் அடிக்கவில்லை, அதற்குப் பிறகு எந்த நாளும் அடிக்கவில்லை. தோளில் கிடந்த மண்வெட்டியை எடுத்து என் தோளில் வைத்தார். வைத்துவிட்டு முன்னால் நடந்தார்.

எனக்கு அது கனம். காம்பு கழுத்தை அறுத்தது. வீடு வரைக்கும் கீழே வைக்காமல் தூக்கி வந்தேன்.